பித்தளை டார்ச்சுக்கு ஒரு புதிய பல்பு

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாகத் தென்மேற்கே வளைந்து செல்லும் சாலை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடந்து எமரால்டை அடையும்போது, மேலே தேயிலைச் சரிவுகளும், நடுவே காரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் முட்டைகோசும் விளையும் தோட்டங்களும், அடியில் அணைகட்டித் தேக்கிய நீர்ப்பரப்பும் ஒருங்கே தோன்றி, இவ்வூர் எதை நம்பி வாழ்கிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுகின்றன. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவி பெற்று 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தால் எழுந்தவை அவலாஞ்சி, எமரால்டு என்னும் இந்த இரட்டை நீர்த்தேக்கங்கள். இங்கே சேரும் மழைநீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே குந்தா முதல் மின்நிலையத்துக்குச் சென்று அங்குள்ள சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, பின்னர் கெத்தை, பரளி, பில்லூர் என்று இறங்குந்தோறும் மறுபடி மறுபடி உழைத்துச் சமவெளியை அடைகிறது. குந்தாத் தொகுதியின் ஆறு மின்நிலையங்களும் சேர்ந்து 585 மெகாவாட் திறன் படைத்தவை. எமரால்டை அடுத்த காட்டுக்குப்பையில் மேலும் 500 மெகாவாட் திறனுள்ள நீரேற்று மின்நிலையம் ஒன்றைப் பூமிக்கடியில் அமைக்கும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

இவ்வளவு மின்சக்தி பிறக்கும் மண்ணிலும், பொழுது சாய்ந்தபின் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் கையில் டார்ச் இல்லாமல் கிளம்புவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று குந்தா மலைகளில் மோதும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில், ஊறித் தளர்ந்த மண்ணிலிருந்து கற்பூர மரங்களும் சீகை மரங்களும் வேரோடு பெயர்ந்து மின்கம்பிகளின்மேல் சாய்வதும், மின்வாரிய ஊழியர்கள் கொட்டும் மழையிலேயே அவற்றை வெட்டி அகற்றி மறுபடி இணைப்புத் தரும்வரை ஊர் இருளில் கிடப்பதும் இங்கே ஆண்டுதோறும் நடப்பவை. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பதிவான சமயத்தில், மண்சரிவுகளால் சாலைகளும் அடைபட்டு, இப்பிரதேசத்து ஜனங்கள் பட்ட அவஸ்தை கொஞ்சமன்று. மின்சாரம் சீராக இருக்கும் நாட்களிலும் அது வீட்டுக்கும் தெருவுக்கும் வெளிச்சம் தருமேயன்றித் தோட்டத்துக்குத் தருவதில்லை. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கடமானும் விளைச்சலைத் தேடி இரவில்தான் வருகின்றன. காட்டெருமையோ, தேயிலைச் செடிகளுக்கிடையிலும் வீட்டுப் பாதையிலும் சர்வசாதாரணமாக நிற்கும். முழு வளர்ச்சி பெற்ற ஆண் விலங்கு ஆயிரம் கிலோ எடையை எட்டக்கூடியதாயினும், அதன் கரிய உடல் இருளோடு கலந்துவிடுவதால், முழங்காலுக்குக் கீழுள்ள வெண்மையும், வெளிச்சம் பட்டதும் திருப்பி ஒளிரும் இரண்டு கண்களுமே அது நிற்கிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் அடையாளம். அந்தக் கண்களை முப்பது நாற்பது அடிக்கு முன்னதாகவே கண்டுவிட்டால் ஒதுங்கி நின்று வழிவிடலாம். ஐந்தடியில் கண்டால் என்ன ஆகும் என்பதை இம்மலைவாசிகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இங்கே டார்ச் என்பது உயிர் காக்கும் சாதனம் என்று சொன்னால் அது மிகையாகாது.

படுகர் சிற்றூர்களான அட்டிகளிலுள்ள பழைய வீடுகளிலும், எஸ்டேட் லைன் வீடுகளிலும், ஆணியில் மாட்டியோ அலமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்தோ இன்னும் காணக்கூடிய மூன்று கட்டை டார்ச்சைப் பற்றித்தான் இக்கட்டுரை. (செல்லைக் கட்டை என்றும் டார்ச்சையே பேட்டரி லைட் என்றும் சொல்லுவது நம் பக்கத்து வழக்கம்.) உடல் முழுவதும் பித்தளை, அதன்மேல் பூசிய வெள்ளை முலாம் கை படும் இடங்களில் தேய்ந்து மஞ்சள் தெரியும். பிடி வழுக்காமல் இருக்க நெடுக வரிகள். பக்கவாட்டில் முன்னும் பின்னும் தள்ளும் ஸ்விட்ச். அதனருகே, அழுத்தும்வரை மட்டும் எரியும்படி ஒரு சிறு பொத்தான். அடிமூடியில் தொங்கவிடுவதற்கு ஒரு வளையம். அந்த மூடியைத் திருகித் திறந்தால், ஸ்பிரிங்கின் நடுவே உபரியாக ஒரு பல்பை வைத்துக்கொள்ளச் சிறிய இடம். எவரெடி என்ற பெயரைத் தாங்கிய கட்டைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டன. 1939-இல் கல்கத்தாவிலும் 1952-இல் சென்னையிலும் கட்டைகளைச் செய்யும் தொழிற்சாலைகளும், 1958-இல் லக்னோவில் டார்ச் தொழிற்சாலையும் எழுந்தன. யூனியன் கார்பைடு என்ற பெயரில் அத்தொழிலை நடத்திய நிறுவனமே 1984-இல் போபால் நகரத்தின் மாபெரும் துயரத்துக்கும் காரணமாயிற்று என்பதை, இந்த விளக்குகளின் சரித்திரத்தைச் சொல்லுகையில் மறைப்பது நியாயமாகாது. அலகாபாத்தில் உற்பத்தியான ஜீப் டார்ச்சுகளும் கிராமங்கள்தோறும் பரவியிருந்தன. அக்காலத்துக் கைவேலையின் உறுதியைப் பற்றி நான் சொல்லுவதைவிட, நாற்பது ஐம்பது வருஷங்கள் கழித்தும் நெளியாமல் நிற்கும் அந்தப் பித்தளைக் குழாயே சாட்சி சொல்லும்.

அப்படியானால் அது ஏன் அலமாரியில் உறங்குகிறது? குறை குழாயில் இல்லை. முகப்பிலுள்ள பல்பில் இருக்கிறது. பழைய டார்ச் பல்பு, மயிரிழையினும் மெல்லிய டங்ஸ்டன் இழையொன்றை 2,000 டிகிரிக்கும் மேற்பட்ட உஷ்ணத்துக்குக் காய்ச்சி, அந்தக் காய்ச்சலில் பிறக்கும் ஒளியைத் தருவது. அது விழுங்கும் சக்தியில் மிகச் சொற்பமான பங்கே கண்ணுக்குப் புலப்படும் ஒளியாகிறது. எஞ்சியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராய்க் காற்றில் போகிறது. மூன்று கட்டை டார்ச்சுகளுக்கென்று செய்யப்பட்ட பல்புகளில் ஒரு ரகம் அரை ஆம்பியர் மின்னோட்டத்தை, அதாவது சுமார் 1.8 வாட் சக்தியை, இடைவிடாமல் கேட்கும். துத்தநாகப் புட்டிக்குள் மாங்கனீசு டையாக்சைடும் கரியும் அடைத்துச் செய்த சாதாரணக் கட்டைக்கு இது தாங்கமுடியாத பாரம். எரிந்துகொண்டிருக்கையிலேயே கட்டையின் உள்ளே ரசாயன மாற்றம் பின்தங்கிப்போய் மின்னழுத்தம் தளர்வதும், அணைத்து வைத்தால் இரவு முழுவதும் ஓய்வெடுத்து மறுநாள் மாலை மீண்டும் தெளிவாக எரிவதும் இதனால்தான். வீட்டுப் பெரியவர்கள் தீர்ந்துபோன கட்டைகளை வெயிலிலோ அடுப்பின் அருகிலோ வைத்து எடுப்பார்களே, அதிலும் அர்த்தம் உண்டு. வெதுவெதுப்பு அந்த ரசாயன மாற்றத்தைச் சற்றே துரிதப்படுத்தும்.

இதற்கு நேர்மாறானது குளிர். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அவலாஞ்சி, எமரால்டுப் பள்ளத்தாக்குகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் இரவுகளில், சமவெளியில் நன்றாக எரிந்த அதே கட்டை சோர்ந்துவிடுகிறது. பல்பின் சுபாவமோ இந்தச் சோர்வைப் பன்மடங்காக்குவது; மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அதன் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் செம்மையாகி, கடைசியில் கண்ணாடிக்குள் ஒரு செவ்விழை மட்டும் தெரியுமேயொழிய, அது பாதையைக் காட்டாது. அந்த நிலையில் எறியப்படும் கட்டைக்குள் இன்னும் கணிசமான சக்தி மிஞ்சியிருக்கிறது என்பதுதான் வருத்தத்துக்குரிய விஷயம்.

எல்.இ.டி. என்ற மூன்றெழுத்தால் நாம் குறிப்பிடும் ஒளியுமிழ் டையோடு, காய்ச்சி எரிப்பதன்று. இருவகைக் குறைகடத்திப் படலங்கள் சந்திக்கும் எல்லையில் எலெக்ட்ரான்கள் மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு விழும்போது, விழுந்த உயரத்தின் அளவுக்கேற்ற நிறத்தில் ஒளி பிறக்கிறது. 1962-இல் நிக் ஹாலன்யாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை இம்முறையில் பிறப்பித்துக் காட்டினார். பச்சையும் பின்னாலேயே வந்தது. நீலம் மாத்திரம் முப்பது ஆண்டுகள் பிடி கொடுக்கவில்லை. காலியம் நைட்ரைடு என்னும் பிடிவாதமான பொருளை ஜப்பானில் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவரும் பொறுமையோடு வசப்படுத்தியதன் பின்னரே பிரகாசமான நீல எல்.இ.டி. சாத்தியமாகி, 1993-இல் வெளியுலகுக்கு வந்தது. 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பெற்றது. நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் ரசாயனப் பூச்சொன்றைத் தடவினால், நீலத்தில் ஒரு பங்கு மஞ்சளாக மாறி, மிஞ்சிய நீலத்தோடு கலந்து வெண்மையாகத் தோன்றும். இன்று நம் வீட்டுக் கூடத்தில் எரிவதும், 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் நாடெங்கும் கோடிக்கணக்கில் விநியோகமானதும் இவ்வகை விளக்குகளே. பழைய டார்ச் பல்பு ஒரு வாட்டுக்குப் பத்து லூமன் அளவில் ஒளி தந்தால், சாதாரண எல்.இ.டி.யும் இன்று நூறு லூமன் தருகிறது. குளிர் கட்டைக்குப் பகையாயினும் எல்.இ.டி.க்கு அனுகூலமானது என்பது நீலகிரிக்குக் கிடைத்த தனி லாபம். சில்லு எவ்வளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் ஒளியும் ஆயுளும் கூடுகின்றன.

எனவே பித்தளை உடலை அப்படியே வைத்துக்கொண்டு பல்பை மட்டும் மாற்றிவிட்டால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் தோன்றக்கூடியதே. அதைச் சரியாகச் செய்வதற்கு மின்னியல் பட்டம் எதுவும் வேண்டியதில்லை, ஆனால் எல்.இ.டி.யின் இயல்பை அறியாமல் செய்தால், முதல் தடவை பளிச்சென்று எரிந்து, பிறகு என்றென்றைக்கும் அணைந்துபோகும்.

இழைப் பல்பு தனக்கு வேண்டிய அளவுக்கு மேல் மின்சாரத்தைத் தானே தடுத்துக்கொள்ளும். சூடேற ஏற அதன் மின்தடையும் ஏறுவதால் அதற்குக் காவல் தேவையில்லை. எல்.இ.டி.க்கு அந்தக் குணம் கிடையாது. வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ட்டில் இதமாக எரியும். அதற்கு மேல் வோல்ட்டில் பத்திலொரு பங்கு உயர்ந்தாலும் மின்னோட்டம் தடதடவென்று ஏறும்; இன்னும் உயர்ந்தால் சில்லையே கருக்கிவிடும். மூன்று கட்டைகளோ, ஒன்றுக்கு ஒன்றரை வீதம் 4.5 வோல்ட் தருபவை. இந்த உபரியான ஒன்றரை வோல்ட்டை வழியிலேயே செலவழித்துவிட ரெசிஸ்டர் என்னும் சிறிய மின்தடையொன்றை எல்.இ.டி.யோடு தொடராகச் சேர்க்கவேண்டும். கணக்கு எளிது. அரை வாட் எல்.இ.டி.க்குப் பத்திலொரு ஆம்பியர் போதும் என்று வைத்துக்கொண்டால், 1.5-ஐ 0.1-ஆல் வகுக்க 15 ஓம் வருகிறது. அந்த ரெசிஸ்டரில் வெப்பமாகப் போவது 0.15 வாட் மாத்திரமே. அரை வாட் தாங்கும் ரகத்தை வாங்கினால் சந்தேகமே வேண்டாம். இதன் பலனைப் பாருங்கள். பழைய பல்பு அரை ஆம்பியர் இழுத்த இடத்தில் இது அதில் ஐந்தில் ஒரு பங்கையே இழுக்கிறது. வெளிச்சமோ குறைவதில்லை, சற்றுக் கூடவே இருக்கும். பாரம் குறைந்தால் கட்டை தன் முழுச் சக்தியையும் விட்டுக்கொடுக்கும் இயல்புடையதாதலால், ஆயுள் ஐந்து மடங்குக்கும் மேலாகவே நீளும்.

இனி வேலைக்கு வருவோம். எரிந்துபோன பழைய பல்பைத் தூக்கி எறியாமல், ஒரு தடித்த துணியில் சுற்றி, மெல்லத் தட்டிக் கண்ணாடியை உடைத்துவிட்டு, அதன் பித்தளை அடிப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். உள்ளே இறுகியிருக்கும் சிமெண்டுப் பசையைச் சிறு திருப்புளியின் நுனியால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும். அப்போது கண்ணுக்குக் காப்பு அணிவதும், முகத்தைச் சற்று விலக்கிக்கொள்வதும் அவசியம். அடியில் ஈயப்பொட்டு வைத்த சிறு துளை ஒன்று தெரியும். எல்.இ.டி.யின் இரண்டு கால்களில் நீளமானது நேர்முனை. அதனோடு ரெசிஸ்டரைச் சேர்த்து, ரெசிஸ்டரின் மறுநுனியை அந்தத் துளை வழியே இறக்கி ஈயப்பற்று வைக்கவேண்டும். குட்டைக் காலைப் பித்தளை விளிம்போடு பற்றவைக்கவேண்டும். இரண்டும் உள்ளே ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நேர்முனைக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழலை மாட்டவேண்டும். கட்டைகளின் குமிழ் முன்நோக்கி இருக்கும்படியே நாம் போடுவதால், பல்பின் அடிப்பொட்டுக்கு நேர்முனையும் உலோக விளிம்புக்கு எதிர்முனையும் தாமாகவே வந்து சேரும். இழைப் பல்பு எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் எரியும், எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே வழிவிடும். கட்டைகளைத் தலைகீழாகப் போட்டால் எரியாது. அதனால் பழுதென்று எண்ணிப் பிரித்துவிடவேண்டாம்.

ஈயம் காய்ச்சத் தெரியாதவர்கள், பழைய பல்பின் அடிப்பாகத்தையே ஒத்த அமைப்பில் தயாராக விற்கும் எல்.இ.டி. பல்புகளைத் தருவித்துக்கொள்ளலாம். திருகும் ரகமா, விளிம்பு வைத்துச் செருகும் ரகமா என்று முதலில் பார்த்து, பிறகு அதன்மேல் குறித்திருக்கும் வோல்ட் வரம்பு நம் கட்டைகளின் எண்ணிக்கைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்து வாங்கவேண்டும்.

ஒளி எந்த உயரத்தில் பிறக்கிறது என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை. என் அபிப்பிராயத்தில் பாதி வேலை அதில்தான் அடங்கியிருக்கிறது. டார்ச்சின் முகப்பிலுள்ள பளபளப்பான கிண்ணம் பரவளைய வடிவினது. அதன் குவிமையத்தில் பிறக்கும் ஒளியை மட்டுமே அது கற்றையாகத் திரட்டித் தொலைவுக்கு அனுப்பும். பழைய இழை அந்த இடத்தில் ஒரு புள்ளியாக நின்று நாலாபக்கமும் ஒளி வீசியது. எல்.இ.டி.யோ முன்பக்கம் மட்டுமே ஒளி வீசுவதாதலால், கிண்ணத்தில் பட்டுத் திரள்வது அதன் பக்கவாட்டு ஒளி மட்டுமே. சில்லு ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ போய்விட்டாலும் கற்றை கலைந்து, முன்னே பத்தடிக்கு வெள்ளைவெளேரென்றும் அதற்கப்பால் ஒன்றுமே இல்லாமலும் ஆகிவிடும். காட்டெருமை நிற்பது அதற்கப்பால்தான். ஆதலால் பழைய பல்பொன்றைப் பக்கத்தில் வைத்து, இழை இருந்த உயரத்துக்கே சில்லின் முகம் வரும்படி அளவு பார்த்துப் பற்றவைக்கவேண்டும். தலைப்பாகத்தைத் திருகிக் குவியத்தை மாற்றக்கூடிய டார்ச்சானால், எதிர்ச்சுவரில் அடித்துப் பார்த்துக்கொண்டே திருகி, நடுவட்டம் சிறுத்துத் தெளியும் இடத்தில் நிறுத்தலாம். குவிந்த முகமுள்ள எல்.இ.டி.யைவிட, ஒளியைப் பக்கவாட்டிலும் விசாலமாகப் பரப்பும் தட்டை முக எல்.இ.டி. இக்கிண்ணங்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

ஆசை மிகுந்து மூன்று வாட், ஐந்து வாட் என்று போகிறவர்கள் வெப்பத்தையும் நினைக்கவேண்டும். இழை தன் வெப்பத்தைக் கதிராக முன்னே வீசிவிடும், எல்.இ.டி.யின் வெப்பமோ முதுகுப்புறமாகத் தேங்கும். அதை இழுத்துச் செல்ல அலுமினியத் தகடும், தகட்டுக்கும் பித்தளை உடலுக்கும் நெருங்கிய தொடுதலும் இல்லாவிட்டால் சில நிமிஷங்களிலேயே ஒளி மங்கி, சில மாதங்களில் சில்லு கெடும். இரவில் பாதை பார்க்க அரை வாட் போதும் என்பதே என் கருத்து.

பல்பு மாறியும் வெளிச்சம் நடுங்குகிறதென்றால், குற்றம் பெரும்பாலும் தொடுமுனைகளில் இருக்கும். கட்டை கசிந்த டார்ச்சின் ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது மின்சாரத்தைக் கடத்தாத உப்பு. சாதாரணக் கட்டையின் கசிவு அமிலத் தன்மையுள்ளது. சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போகும். ஆல்கலைன் கட்டையின் கசிவோ காரம். அதற்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர். எதுவாயினும் பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, ஸ்விட்சுக்குள் இருக்கும் பித்தளைப் பட்டையையும் அடிமூடியின் உள்விளிம்பையும் நயமான உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்துவிட்டால், அந்த டார்ச் புதிதுபோல் எரிவதைக் காணலாம்.

மலைப்பிரதேசத்துக்கென்றே சொல்லவேண்டிய ஒன்று மூடுபனி. மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும், வெள்ளை ஒளி செல்லாது என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. பனித்திவலைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவையாதலால் எல்லா நிறங்களையும் அவை கிட்டத்தட்ட ஒரே மாதிரியாகத்தான் சிதறடிக்கின்றன. கண்ணைக் கூசவைப்பது, நம் விளக்கின் ஒளி திவலைகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருவது. ஆகவே, டார்ச்சைத் தோளுயரத்தில் பிடித்து நேரே அடிக்காமல், இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, பாதையின்மேல் சாய்வாக அடித்தால் திரும்பிவரும் ஒளி கண்ணுக்கு எட்டாது. தரை தெளிவாகத் தெரியும். ஆனாலும் நிறத்தைத் தேர்ந்துகொள்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நீலம் கலந்த வெண்மையைத் தவிர்த்து, கடைகளில் ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டால் கிடைக்கும் இளமஞ்சள் ரகத்தையே வாங்கவேண்டும். செம்மண் பாதையில் சருகும் பழுப்புப் பாம்பும் ஒன்றாகக் கிடக்கையில், சிவப்பும் பழுப்பும் வேறுபட்டுத் தெரிவது இந்த ஒளியில்தான். பூச்சிகளும் இதற்குக் குறைவாகவே வந்து மொய்க்கும்.

இரண்டு கட்டை டார்ச்சின் கதை வேறு. அதன் 3 வோல்ட், கட்டை புதிதாயிருக்கும்போது மட்டும் எல்.இ.டி.யை எரிக்கப் போதுமானது. சில மணி நேரத்தில் மங்கிவிடும். மின்னழுத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் சிறிய மின்னணுச் சுற்று அடங்கிய பல்புகள் இதற்கென்று உண்டு. அவை கட்டையை ஒட்டக் கறந்துவிடுவது மெய்யே. ஆனால் கறந்து முடிந்ததும் முன்னறிவிப்பின்றிச் சட்டென்று அணைபவையும் அவற்றில் பல. வீட்டுக்கு இன்னும் ஒரு மைல் இருக்கையில் அப்படி நேர்வதைவிட, மூன்று கட்டையும் ஒரு ரெசிஸ்டரும் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே, கடைசிச் சொட்டுச் சக்தியிலும் காலடியைக் காட்டுவது மேல். இன்னொரு எச்சரிக்கை: கெட்டுப்போன வீட்டு எல்.இ.டி. பல்பைப் பிரித்து, அதிலுள்ள சில்லை டார்ச்சில் வைத்துப் பார்க்கும் இளைஞர்கள் பலர். அவற்றில் பெரும்பாலானவை ஒரே மஞ்சள் வில்லையின் கீழ் மூன்றோ ஆறோ சில்லுகளைத் தொடராக அடக்கி 9 வோல்ட், 18 வோல்ட் கேட்பவை. நம் டார்ச்சில் அவை எரியா.

இத்தனை பிரயாசை எதற்கு, கடையில் சார்ஜ் செய்யும் பிளாஸ்டிக் விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். சமவெளி நகரத்தில் அவை போதும். ஆனால் மழையில் மின்சாரம் இரண்டு நாள், மூன்று நாள் என்று நின்றுபோகும் ஊரில், எந்த மின்சாரம் இல்லையென்று விளக்கை எடுக்கிறோமோ அதே மின்சாரத்தை எதிர்பார்த்து நிற்கும் விளக்கு எப்படித் துணையாகும்? உள்ளே இருக்கும் மின்கலம் ஓரிரு வருஷங்களில் தளர்ந்தால், அந்த விளக்கு முழுவதுமே குப்பைக்குத்தான் போகிறது. கட்டை டார்ச்சுக்கு வேண்டியது சின்னஞ்சிறு மளிகைக் கடையிலும் கிடைக்கும். வாங்கிப் போட்ட கணத்தில் எரியும். தீர்ந்த கட்டைகளை மட்டும் ஓடையோரத்தில் எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கவேண்டும்; 2022-இல் வந்த மின்கலக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று முறையாகக் கழிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களைச் சேர்ந்தது. அதைக் கடைக்காரரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்டாலொழிய அது நடைமுறைக்கு வராது.

நீலகிரியில் இருப்பவர்கள் இவ்வேலையை மே மாதம் முடிவதற்குள் செய்துகொள்வது நலம், எல்.இ.டி.க்கும் ரெசிஸ்டருக்கும் சேர்ந்து ஆகும் செலவு சில ரூபாய்களே, ஈயப்பற்று வைக்க ஊரிலுள்ள ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் பத்து நிமிஷம் போதும். எரியும் நிலையிலுள்ள பழைய இழைப் பல்பு ஒன்று கையிலிருந்தால் அதை அடிமூடிக்குள் உபரியாக வைத்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் பித்தளை டார்ச்சைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் எடைக்குப் போடுமுன், மூடியைத் திருகிப் பாருங்கள். குழாய் ஓட்டை விழாமலும் ஸ்விட்ச் உடையாமலும் இருந்தால், அது இன்னும் பல வருஷங்கள் உழைக்கக்கூடிய விளக்கு.